அடுக்கு மர வில்லை வளைத்துச் சீராக்குதல்: புதியவர்களுக்கான டில்லரிங் வழிகாட்டி

பசை காய்ந்து, கிளாம்ப் கழற்றி, ஓரம் சீவி முடித்த வில் பார்வைக்கு வில்தான். இழுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மேல் லிம்ப் விறைத்து நிற்கும், கீழ் லிம்ப் நடுவில் மடங்கும், நாண் கைப்பிடியை விட்டு ஒரு பக்கமாக ஓடும். கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள இந்த இரண்டு லிம்புகளும் சீராக வளைந்து, நினைத்த பவுண்டில் (நாணை இழுக்கத் தேவையான விசையில்) வந்து நிற்கும்வரை மரத்தைச் சிறுகச் சிறுகச் சுரண்டி எடுப்பதே டில்லரிங்.

ஒரே கட்டையில் செதுக்கும் வில்லுக்கும் அடுக்கு வில்லுக்கும் இந்த இடத்தில் பெரிய வேறுபாடு உண்டு. ஒற்றைக் கட்டையில் கனமாகத் தொடங்கி அரத்தால் தாராளமாகக் குறைத்துக்கொண்டே போகலாம். அடுக்கு வில்லில் நாம் கைவைக்கக்கூடியது வயிற்றுப் பக்க அடுக்கு மட்டும், அதுவும் சில மில்லிமீட்டர்தான். முதுகைத் தொடவே கூடாது. ஆகவே டில்லரிங்கின் முக்கால் பங்கு பசை போடுவதற்கு முன்பே, அடுக்குகளைச் சரிவாகத் தேய்க்கும்போதே முடிந்திருக்க வேண்டும். நாணேற்றியபின் தடுமாறும் வில்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தேய்ப்பில் விட்ட பிழைதான்.

சில சொற்கள். எய்பவரின் முகத்தைப் பார்க்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. நாண் அமரும் வெட்டுக்குப் பழைய பெயர் குதை. இங்கேயும் அதையே பயன்படுத்துவோம். கைப்பிடிக் கட்டை மெலிந்து லிம்பில் கரையும் இடத்தைக் கைப்பிடிச் சரிவு என்போம். நாண் பூட்டிய நிலையில் கைப்பிடியின் குழிவுக்கும் நாணுக்கும் உள்ள தூரம் நாண் உயரம்.

எடுத்துக்காட்டு வில்

எண்கள் இல்லாமல் பேசினால் பயனில்லை. எனவே ஒரு குறிப்பிட்ட வில்லையே முழுக்கப் பின்தொடர்வோம்: முதுகுக்கு மூங்கில், நடுவில் ஹிக்கரி அல்லது மேப்பிள், வயிற்றுக்கு இப்பே. குதைக்குக் குதை 68 அங்குலம், 28 அங்குல இழுப்பில் 40 பவுண்டு. வளையாத கைப்பிடிப் பகுதி இரு பக்கச் சரிவுகளையும் சேர்த்து 8 அங்குலம். அகலம் சரிவிலிருந்து லிம்பின் நடுவரை 32 மி.மீ., அங்கிருந்து நேர்கோட்டில் மெலிந்து முனையில் 12 மி.மீ.

இந்தச் சேர்க்கை தற்செயலாக அமைந்ததல்ல. வளையும்போது முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். மூங்கிலின் வெளித்தோலை ஒட்டிய நார் இழுவையை அபாரமாகத் தாங்கும். தென் அமெரிக்க மரமான இப்பே நசுங்குதலை நன்றாகத் தாங்கும். நடு அடுக்கு பெரிய சுமை எதையும் ஏற்பதில்லை, முதுகையும் வயிற்றையும் தள்ளி நிறுத்துவதுதான் அதன் வேலை. எனவே அங்கே இப்பேயைவிட எடை குறைந்த, நேரான நரம்புள்ள மரம் போதும். தரைக்குப் போடும் மூங்கில் பலகையைக்கூட நடு அடுக்காகப் போடுவோர் உண்டு.

மூங்கிலைத் தேர்ந்தெடுக்கும்போது விட்டத்தைக் கவனியுங்கள். நம்மூர்க் கல் மூங்கில் உறுதியானதுதான், ஆனால் மெல்லிய கழி என்பதால் அதிலிருந்து எடுக்கும் பட்டையின் முதுகு கூரைபோல் குவிந்திருக்கும். குவிவின் உச்சியிலேயே சுமை முழுவதும் விழும். பருத்த மூங்கிலிலிருந்து எடுத்த, ஏறக்குறைய தட்டையான பட்டைதான் புதியவருக்கு ஏற்றது.

பசைக்கு முன்

வில்லின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்திலும் கனத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் மாறும். அகலத்தில் பத்து விழுக்காடு குறைத்தால் விறைப்பும் பத்து விழுக்காடுதான் குறையும். கனத்தில் பத்து விழுக்காடு குறைத்தால் 27 விழுக்காடு போய்விடும். நம் வில்லின் லிம்ப் சரிவருகே ஏறத்தாழ 13 மி.மீ. கனத்தில் முடியும். அந்தக் கனத்தில் லிம்ப் முழுக்க 0.1 மி.மீ., அதாவது ஒரு ஏ4 தாளின் கனம் எடுத்தால், 40 பவுண்டில் ஏறத்தாழ 1 பவுண்டு இறங்கும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பிறகு வரும் எல்லாம் புரியும்.

அடுக்குகளின் தொடக்க அளவுகள்: மூங்கில் நடு முகட்டில் 3.5 மி.மீ., ஓரத்தில் 1.5 முதல் 2 மி.மீ., நீளம் முழுக்க ஒரே கனம். நடு அடுக்கு சரிவருகே 5 மி.மீ.யில் தொடங்கி முனையில் 3.5 மி.மீ. வயிற்று அடுக்கு 7 மி.மீ.யில் தொடங்கி 5.5 மி.மீ. மொத்தம் சரிவருகே 15.5, முனையில் 12.5. நடு அடுக்கும் வயிற்று அடுக்கும் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 0.002 அங்குலம் வீதம் மெலிகின்றன. 30 அங்குல லிம்பில் இரண்டும் சேர்ந்து 3 மி.மீ. ஆகிறது. இந்தச் சரிவை ஒரே சீராகப் பெற, அதே சரிவுடைய ஒரு நீண்ட பலகையின் மேல் அடுக்கைப் பதித்து டிரம் சாண்டரில் ஓட்டுவார்கள். இயந்திரம் இல்லாவிட்டால் இழைப்புளியும் வெர்னியரும் போதும். 3 அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு ஓரத்தையும் அளந்து எழுதுங்கள். இரண்டு ஓரத்துக்கும் 0.2 மி.மீ. வேறுபாடு இருந்தால் லிம்ப் பிற்பாடு முறுக்கும்.

மூங்கில் கனமாக இருந்தால் உறுதி கூடும் என்று நினைப்பது வழக்கமான தவறு. முதுகு வயிற்றைவிட மிக வலுவாகிவிட்டால் அது நீளவே மாட்டேன் என்று நிற்கும், மொத்த அழுத்தமும் வயிற்றில் இறங்கி மரம் நசுங்கும். இப்பே ஓரளவு தாங்கிக்கொள்ளும். வயிற்றுக்கு மேப்பிள் போன்ற வெள்ளை மரம் போட்டால் தாங்காது. அப்போது முதுகை வயிற்றைவிடச் சற்று ஒடுக்கி, குறுக்குவெட்டைச் சரிவகமாக்குவதுண்டு.

பசைக்கு டைட்பாண்ட் 3 அல்லது ஸ்மூத்-ஆன் ஈஏ-40 போன்ற எபாக்ஸி. இப்பே மரத்தில் எண்ணெய்த்தன்மை உண்டு. 60 எண் உப்புத்தாளால் கீறி, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடையுங்கள். எபாக்ஸியை அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுக்க வெளியே பிதுங்கி இணைப்பு வறண்டுபோகும். கிளாம்ப் போதாவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டைகளாகக் கிழித்து இறுகச் சுற்றலாம். அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழும் என்பதால் கிளாம்பைவிட இதுவே மேல். ஒட்டும்போதே முனைகள் முதுகுப் பக்கமாக 1.5 முதல் 2 அங்குலம் எழுந்திருக்கும்படி எதிர்வளைவில் கட்டுங்கள். வில் செய்வோர் இதைப் பெர்ரி ரிஃப்ளெக்ஸ் என்பார்கள். அடுக்குகள் இப்படி ஒன்றையொன்று முன்கூட்டியே இழுத்துப் பிடித்திருப்பதால், நேராக ஒட்டிய வில்லைவிட நிரந்தர வளைவு குறைவாக விழும். டைட்பாண்ட் நீரில் கரைந்த பசை. 24 மணி நேரத்தில் பிடித்துவிட்டாலும் மரத்துக்குள் இறங்கிய ஈரம் வெளியேற ஒரு வாரம் விடுங்கள். ஈர மரத்தை வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும்.

டில்லர் சட்டகம்

வில்லைக் கையில் இழுத்துப் பார்த்து டில்லர் செய்ய முடியாது. இழுப்பவரால் வளைவைப் பார்க்க முடியாது, உடைந்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும். சுவரில் ஓர் உறுதியான கட்டையை நெஞ்சுயரத்துக்குமேல் பொருத்தி, அதன் தலையில் கைப்பிடி உட்காரும் தொட்டில் ஒன்று அமையுங்கள். நேர் கீழே தரையோரம் ஒரு கப்பி. நாணில் கொக்கி, கொக்கியில் தொங்கு தராசு, தராசிலிருந்து கயிறு கப்பியைச் சுற்றி உங்கள் கைக்கு. நீங்கள் 2, 3 மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இப்பே தூசி தோலையும் மூச்சையும் உறுத்தும், முகமூடியும் கட்டாயம்.

பின்சுவரில் 2 அங்குலக் கட்டங்கள் வரையுங்கள். தொட்டிலிலிருந்து கீழ்நோக்கி ஓர் அளவுகோல். இங்கே புதியவர்கள் பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. 28 அங்குல இழுப்பு என்று தொழிலில் சொல்வது, கைப்பிடியின் மிக ஆழமான குழிவிலிருந்து நாண்வரை 26¼ அங்குலமும் அதோடு 1¾ அங்குலமும் கூட்டியது. அளவுகோலின் பூச்சியத்தைக் குழிவில் வைத்துவிட்டு 28வரை இழுத்தால் வில்லை 1¾ அங்குலம் அதிகமாக இழுக்கிறீர்கள். மரத்துக்கு அது சின்ன விஷயமில்லை. அளவுகோலில் 26¼ என்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, ‘28’ என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, கொக்கி எங்கே மாட்டுகிறது என்பது. கை எங்கே வில்லைத் தாங்குமோ அங்கே தொட்டில், விரல் எங்கே நாணை இழுக்குமோ அங்கே கொக்கி. இரண்டையும் நடுவில் வைத்துச் சீராக்கிய வில் கைக்கு வந்தபின் சீராக இருக்காது.

சுரண்டுவதற்கு முரட்டு அரம் ஒன்று, நேர் விளிம்புள்ள எஃகுச் சுரண்டு தகடு ஒன்று, மென்பென்சில், நோட்டுப் புத்தகம். அரம் தொடக்கத்துக்கு மட்டும். நாணேற்றியபின் தகடுதான்.

முதல் வளைவு

முதலில் ஓரங்களை உருட்டிவிடுங்கள். மூங்கிலின் கூர் விளிம்பு 2 மி.மீ. ஆரத்தில் வழுவழுப்பாக வர வேண்டும். முதுகு உடைந்த வில்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் விளிம்பில் இருந்த ஒரு சிறு கீறலிலிருந்துதான் சில்லு கிளம்பியிருக்கும். மூங்கில் கணுக்களைத் தட்டையாக்காதீர்கள், அங்கே நார் வளைந்து ஓடுகிறது. மேட்டைச் சீவினால் நார் அறுபடும். தோலின் பச்சை, மஞ்சள் மெழுகை மட்டும் சுரண்டி எடுத்தால் போதும்.

பிறகு 3 அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு மொத்தக் கனத்தை அளந்து எழுதுங்கள். சரிவிலிருந்து முனைவரை எண்கள் ஒழுங்காக இறங்க வேண்டும். எங்காவது எண் இறங்கி மீண்டும் ஏறினால் அங்கே பள்ளம் இருக்கிறது. வளைக்கும் முன்பே அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதித் தொல்லை போச்சு. பக்கவாட்டு விளக்கொளியில் ஓரத்தைப் பாருங்கள். இப்பேக்கும் நடு அடுக்குக்கும் இடையே பசைக்கோடு கரிய நூல்போல ஓடும். அந்த நூலுக்கும் வயிற்று விளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளி எங்கும் துள்ளாமல் ஒடுங்கிக்கொண்டே போனால் உங்கள் தேய்ப்பு நேர்த்தியாக இருக்கிறது என்று பொருள். டில்லரிங் முழுவதும் இந்தக் கோடுதான் உங்கள் வழித்துணை.

இப்போது தரைச் சோதனை. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, வயிற்றுப் பக்கத்தை மெல்ல அழுத்துங்கள். முழு லிம்பும் அசைய வேண்டும். கல்போல நின்றால் வயிற்றை முழு நீளத்துக்கும் ஒரே சீராக இறக்குங்கள். வில்லைத் திருப்பி மறு லிம்ப். இரண்டும் ஒரே அளவில் எதிர்ப்புத் தரும்வரை இந்தக் கட்டம்.

நீள நாணில்

குறுகிய நாண் பூட்டும் அளவுக்கு வில் இன்னும் இளகவில்லை. தளர்ச்சி இல்லாமல் முனைக்கு முனை எட்டும் அளவுக்கு மட்டும் நீளமான நாண் கட்டுங்கள். தொங்கித் தளரும் நாண் முனைகளை உள்நோக்கி இழுக்காமல் கீழ்நோக்கி இழுக்கும், வளைவு பொய்யாகத் தெரியும். டேக்ரான் பி-50 நூலில் முறுக்கியது இந்த வேலைக்குப் போதும்.

20 பவுண்டில் தொடங்குங்கள். முனை 2 அங்குலம் அசைந்தாலே வளைவு தெரியும். கைபேசியை எதிரே ஒரு ஸ்டாண்டில் நிரந்தரமாக வைத்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து படம் எடுங்கள். கண் ஏமாறும், மேல் லிம்பின் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிக் கீழ் லிம்பின் மேல் வைத்துப் பார்த்தால் ஏமாற வழியில்லை. எங்கே வளையவில்லையோ அங்கே பென்சிலால் குறுக்குக் கோடுகள். கோடுகள் மறையும்வரை சுரண்டுங்கள், பிறகு மீண்டும் பாருங்கள்.

40 பவுண்டு இழுக்கும்போது முனைகள் 6 அங்குலம் இறங்கினால் வில் நாணேற்றத் தயார். 3 அங்குலம்கூட இறங்காமல் 40 காட்டினால் இன்னும் விறைப்பு, முழு நீளத்துக்கும் அரம் போடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு முழங்காலில் வைத்து வளைத்து நாணேற்றப் பார்ப்பவர்கள் கைப்பிடிச் சரிவைப் பிளந்துவிடுகிறார்கள்.

நாண் ஏறியபின்

முதல் நாண் உயரம் 3 அங்குலம் போதும். ஏற்றியதும் வில்லை இழுக்காமல் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, கைப்பிடிக்கு மேலிருந்து கீழாகப் பார்த்தால் நாண் நடுவில் ஓடுகிறதா. நாண் இடப்பக்கம் ஒதுங்கினால் லிம்பின் முனை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, வலப்பக்கம் விறைப்பு அதிகம். வலப்பக்கப் பாதியின் வயிற்றைச் சுரண்டுங்கள், அகலம் மிச்சமிருந்தால் வலப்பக்க ஓரத்தையும். லிம்ப் பலவீனமான பக்கத்துக்குச் சாயும் என்பதால் முனை நடுவுக்குத் திரும்பும். ஒதுக்கம் 2 மி.மீ.க்குள் என்றால் லிம்பைத் தொட வேண்டாம். இடப்பக்கக் குதையைச் சற்று ஆழமாக்கினாலே நாண் வலப்பக்கம் நகரும். ஒற்றைக் கட்டை வில்லுக்குச் சொல்லும் சூட்டு வைத்தியத்தை (சூடாக்கி நேராக்குவதை) இங்கே செய்யாதீர்கள், சூட்டில் பசை இளகும்.

இரண்டு, இரு லிம்பிலும் கைப்பிடிச் சரிவு முடியும் இடத்தில் நாணுக்கும் வயிற்றுக்கும் உள்ள தூரம். அம்புக்கு மேல் ஒரு விரல், கீழ் இரண்டு விரல் வைத்து இழுப்பவருக்கு மேல் லிம்பின் தூரம் கீழ் லிம்பைவிட 3 முதல் 6 மி.மீ. அதிகமாக இருக்க வேண்டும், அதாவது கீழ் லிம்ப் சற்று விறைப்பு. மூன்று விரலும் அம்புக்குக் கீழே வைப்பவருக்கு இரண்டும் ஏறத்தாழ சமம். இந்த வேறுபாடு கடைசிவரை இருக்க வேண்டும். லிம்பைச் சுரண்டும்தோறும் இது மாறும், எனவே ஒவ்வொரு சுற்றிலும் அளந்து எழுதுங்கள்.

இழுக்கும்போது கொக்கியின் பாதையும் செய்தி சொல்லும். நேர் கீழே வரவேண்டிய கொக்கி ஒரு பக்கம் ஒதுங்கினால், எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்த லிம்ப் வலுவானது.

சுரண்டல் சுற்று

இதிலிருந்து ஒரே சுற்றுதான், நூறு முறை வந்தாலும். இழு, பார், குறி, சுரண்டு, பழக்கு.

இழுப்பதற்கு ஒரே சட்டம்: எந்தக் கட்டத்திலும் 40 பவுண்டுக்கு மேல் இழுக்காதீர்கள் (கடைசியில் 28 அங்குலம் இழுத்துப் பார்க்கும்போது மட்டும் 43 வரை போகலாம்). தொடக்கத்தில் 40 பவுண்டு 16 அங்குலத்திலேயே வந்துவிடும். சுரண்டச் சுரண்ட அது 18, 20, 22 என்று நகரும். 28ஐ நெருங்கும்போது சுரண்டும் வேலை முடியும். இதைத் தலைகீழாகச் செய்து, பவுண்டைப் பார்க்காமல் ‘20 அங்குலம் இழுத்துப் பார்ப்போம்’ என்று இழுத்தால், விறைப்பான வில்லில் தராசு 55 காட்டும். அந்த ஓர் இழுப்பில் வயிற்று மரம் நசுங்கி, பிற்பாடு எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் மீளாத நிரந்தர வளைவு விழுந்துவிடும். வில் உடையாது, ஆனால் சோம்பிப் போகும். குறை இருப்பது தெரியும் இடத்தில் மேற்கொண்டு இழுப்பதும் அதே பிழைதான். மடிப்பு தெரிந்தால் 25 பவுண்டிலேயே நிறுத்துங்கள்.

பார்ப்பது என்றால் எந்த வடிவத்தைத் தேடுவது? லிம்ப் முழுக்க ஒரே வட்டமாக வளைய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முனைவரை ஒரே கனத்தில், அகலம் மட்டும் கூம்பாக ஒடுங்கும் வில்லுக்கு அது சரி. நம் வில் பாதிவரை ஒரே அகலம், கனம்தான் குறைந்துகொண்டே போகிறது. மரத்தின் மேல் விழும் திரிபு (நார் நீளும் அல்லது நசுங்கும் அளவு) கனத்தையும் வளைவையும் பெருக்கியதற்கு ஈடாகும். ஆகவே கனமான உள்பகுதி குறைவாகவும் மெல்லிய வெளிப்பகுதி அதிகமாகவும் வளைந்தால்தான் சுமை எங்கும் சமமாக இருக்கும். படத்தில் அது சற்றே நீள்வட்டமாகத் தெரியும். சரிவை விட்டு வெளியேறும் முதல் சில அங்குலங்களில் மிதமான வளைவு, நடுவிலும் அதற்கு வெளியிலும் முழு வளைவு, கடைசி 6 அங்குலம் ஏறத்தாழ நேர்.

எதிர்வளைவில் ஒட்டிய வில்லில் கண்ணுக்கு இன்னொரு பொறி உண்டு. நாணேற்றிய வில்லில் நேராகத் தெரியும் ஓர் இடம், ஓய்வில் பின்னோக்கி வளைந்திருந்தால், உண்மையில் நன்றாக வளைந்திருக்கிறது. எனவே நாணில்லாத வில்லின் விளிம்பை முதலிலேயே ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டிவையுங்கள். ஒப்பிட வேண்டியது அதோடுதான். தட்டையான 6 அங்குலக் கட்டையின் நடுவில் பென்சில் செருகி, மிக அதிகமாக வளையும் இடத்தில் பென்சில் முனை மயிரிழையில் தொடாதபடி அமைத்து, வயிறு முழுக்க ஓட்டும் கருவி ஒன்றும் புழக்கத்தில் உண்டு. விறைப்பான இடங்களில் மட்டும் பென்சில் கோடு விழும். நல்ல கருவிதான். ஆனால் அது அளப்பது இறுதி வடிவத்தை, வளைந்த அளவை அல்ல. எதிர்வளைவு சீராக இல்லாத வில்லில் அதன் சொல்லைக் கேட்டால் பிழையான இடத்தைச் சுரண்டுவீர்கள். வெர்னியர் எண்ணும் படமும் கருவியும் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் மட்டும் தகட்டை எடுங்கள்.

சுரண்டுவது: குறித்த இடத்தில் 10 இழுப்பு. தகட்டை வில்லுக்குச் சற்றுக் குறுக்கே சாய்த்து, குறிக்கு 2 அங்குலம் முன்பே தொடங்கி 2 அங்குலம் தாண்டி முடியுங்கள். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்த்தால் தகடு துள்ளி அலை அலையாகப் பள்ளம் விழும். அலையின் ஒவ்வொரு குழியும் ஒரு மடிப்பின் தொடக்கம். உங்கள் தகட்டின் 10 இழுப்புக்கு எத்தனை பவுண்டு இறங்குகிறது என்பதை முதல் சில சுற்றுகளிலேயே எழுதிவிடுங்கள். தகட்டின் கூர்மைக்கும் கையின் அழுத்தத்துக்கும் ஏற்ப ஆளுக்கு ஆள் இது வேறுபடும்.

பழக்குவது: சுரண்டியபின் உடனே பார்த்தால் மாற்றம் தெரியாது. இப்போது எட்டியிருக்கும் இழுப்பு வரை நிதானமாக 20, 30 முறை இழுத்து விடுங்கள். மரம் புதிய நிலைக்கு இணங்கியபின்தான் தராசும் படமும் உண்மை பேசும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் ‘இன்னும் இறங்கவில்லையே’ என்று மேலும் சுரண்டுகிறார்கள். அடுத்த நாள் வில் 5 பவுண்டு குறைந்து நிற்கும்.

சில சுற்றுகளில் வளைவு சீரானதும் நாண் உயரத்தை 6 அங்குலமாக ஏற்றுங்கள். அங்கிருந்து கீழ்க்காணும் எண்கள் தோராயமான வழிகாட்டி: 28 அங்குலத்தில் 40 பவுண்டுக்குச் செல்லும் வில் 20 அங்குலத்தில் 27 அளவிலும் 24 அங்குலத்தில் 33, 34 அளவிலும் இருக்கும். கடைசி அங்குலங்களில் அங்குலத்துக்கு 1½ முதல் 2 பவுண்டு வீதம் ஏறும். 24 அங்குலத்தில் ஏற்கெனவே 33 என்றால் விறைப்பைக் குறைப்பதை நிறுத்துங்கள், வடிவத்தை மட்டும் திருத்துங்கள்.

ஒவ்வொரு அமர்விலும் ஓய்வில் உள்ள வில்லின் எதிர்வளைவையும் அளந்து எழுதுங்கள். 1.5 அங்குலத்தில் தொடங்கியது ஒரே நாளில் கால் அங்குலம் இழந்தால் எங்கோ ஓர் இடம் அளவுக்கு மீறி உழைக்கிறது. எந்த இடம் என்பதைச் சுவரில் ஒட்டிய ஓய்வு வடிவமே காட்டும்.

கெடும் விதங்கள்

கீல். கதவுக் கீல்போல ஒரே இடத்தில் மடிவது. எடுத்த மரம் திரும்பி வராது, அந்த இடத்தை மாற்ற முடியாது. அங்கே சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, மற்ற எல்லா இடத்தையும் அதன் அளவுக்கு இறக்குங்கள். வில் 40க்குப் பதிலாக 33 ஆகலாம். 33 பவுண்டு நல்ல வில் பல்லாண்டு உழைக்கும், 40 பவுண்டு கீல் வில் ஒரு மாதத்தில் உடையும். பவுண்டு அதிகம் போய்விட்டால் முனைகளில் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை வெட்டிப் புதுக் குதை போட்டுச் சில பவுண்டுகளை மீட்கலாம். ஆனால் வில் குட்டையாகும்போது மரத்தின் மேல் சுமை ஏறுகிறது. கீல் உள்ள வில்லில் இதைச் செய்யாதீர்கள்.

நசுங்கல் கோடு. வயிற்றில் குறுக்கே மயிரிழைபோல ஒரு கோடு. முதலில் கண்ணுக்கே தெரியாது. வில்லை ஓய்வுக்குக் கொண்டுவந்து, விளக்கைத் தாழப் பிடித்து, நகத்தால் நீளவாட்டில் வருடினால் ஒரு சிறு தடங்கல் தட்டுப்படும். அங்கே மரத்தின் நார் நசுங்கி மடிந்துவிட்டது. கீல் அளவுக்கு வளைந்த இடத்திலோ, மூங்கில் மிகக் கனமான வில்லிலோதான் வரும். கோட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் அந்த இடம் மேலும் மெலிந்து இன்னும் அதிகமாக நசுங்கும். இரு பக்கமும் உள்ள விறைப்பை இறக்கி அதன் சுமையைக் குறைப்பதுதான் வழி.

முதுகில் சில்லு. ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் உடனே கயிற்றைத் தளர்த்துங்கள். பஞ்சை முதுகின்மேல் ஓட்டினால் சில்லு கிளம்பிய இடத்தில் நார் ஒட்டிக்கொள்ளும். சின்னச் சில்லு என்றால் மெல்லிய சூப்பர் க்ளூ ஊட்டி, ஆளிச்செடி நார் நூலோ பட்டு நூலோ இறுகச் சுற்றிக் காப்பாற்றலாம். பட்டையின் கால் பங்கு அகலத்துக்கு மேல் எழுந்துவிட்டால் அந்த வில்லை எய்ய வேண்டாம்.

கைப்பிடிக் கட்டை விடுபடுதல். அடிக்கடி நிகழும் பழுது இது, பெரும்பாலும் காரணம் ஒன்றே: சரிவின் நுனி வளைகிறது. விறைப்பான கட்டையும் வளையும் லிம்பும் சந்திக்கும் அந்தக் கோட்டில் பசை உரிந்துவிடும். சரிவின் கடைசி 1.5 அங்குலத்தில் சுரண்டு தகடு படவே கூடாது. அந்த இடத்தில் லிம்ப் அசைகிறதா என்று இழுத்த நிலையில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுக்கு பிரிதல். ஓரத்தில் பசைக்கோடு வெண்மையாக மாறினால் பிரிவின் தொடக்கம். ஒட்டும்போது பசை போதாமல் போனதோ, எண்ணெய் துடைக்காததோ காரணம். ஓரத்தில் மட்டும் என்றால் மெல்லிய எபாக்ஸியை ஊசியால் செலுத்தி இறுக்கிக் கட்டலாம். அகலத்தில் பாதிவரை போய்விட்டால் சரிசெய்ய வழியில்லை.

வயிற்று அடுக்கு ஊடுருவல். அதிகம் சுரண்டி இப்பே தீர்ந்து நடு அடுக்கு தெரிய ஆரம்பிப்பது. நசுங்குதலைத் தாங்கும் மரம் போய், தாங்காத மரம் வயிற்றுக்கு வந்துவிட்டது. பசைக்கோட்டுக்கும் வயிற்றுக்கும் இடையே 3 மி.மீ. மிஞ்சும்போதே நிறுத்துங்கள். அதற்கு முன் 40 பவுண்டு வரவில்லை என்றால் அகலத்தைக் குறைத்துப் பவுண்டை இறக்குங்கள். பத்து விழுக்காட்டுக்குப் பத்து விழுக்காடு என்பதால் அது மெதுவான, பாதுகாப்பான வழி.

கடைசிப் பவுண்டுகள்

28 அங்குலத்தில் 43 பவுண்டு வந்ததும் தகட்டைக் கீழே வையுங்கள். உப்புத்தாள் போடும் வேலையில் ஒரு தாள் கனமாவது போகும், 1 முதல் 2 பவுண்டு அதற்கு. எய்து பழகும்போது இன்னொரு பவுண்டு இறங்கும். சரியாக 40ல் நிறுத்தியவர் கையில் கடைசியில் 37தான் இருக்கும்.

முனைகளை இப்போதுதான் ஒல்லியாக்க வேண்டும். கடைசி 6 அங்குலம் வளையாத பகுதி என்பதால் அதன் ஓரங்களைக் குறைத்தாலும் பவுண்டு அதிகம் மாறாது. முனையின் எடை குறையக் குறைய அம்பின் வேகம் கூடும், கையில் உதறல் குறையும். 12 மி.மீ. முனையை 9 மி.மீ. வரை கொண்டுவரலாம், நாண் நடுவில் ஓடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டு. குதையின் அடிப்பகுதியை உருட்டு அரத்தால் வழுவழுப்பாக்குங்கள், அங்கே கூர் விளிம்பு இருந்தால் நாணை அறுக்கும். இறுதி நாணுக்கு நீளாத நவீன நூல் போடுவதாக இருந்தால் முனையில் கொம்போ கடின மரத்துண்டோ ஒட்டி வலுவேற்றியபின் போடுங்கள்.

பூச்சுக்கு முன் 100 அம்பு எய்யுங்கள். முதல் 20 அம்பு 24 அங்குல இழுப்பில், பிறகு 26, பிறகு முழு இழுப்பு. இழுத்து நீண்ட நேரம் பிடித்து நிற்க வேண்டாம், அம்பில்லாமல் நாணை விடவும் வேண்டாம். அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் லிம்புக்குள் திரும்பி அடிக்கும். நூறாவது அம்புக்குப் பின் வில்லை மீண்டும் சட்டகத்தில் ஏற்றி, தராசு, படம், சரிவருகே மேல் கீழ் தூரம், ஓய்வில் எதிர்வளைவு நான்கையும் அளந்து நோட்டில் முதல் பக்க எண்களோடு ஒப்பிடுங்கள். மேல் கீழ் வேறுபாடு 3 முதல் 6 மி.மீ.க்குள் நின்று, எதிர்வளைவு முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் மிஞ்சியிருந்தால் பூச்சு அடிக்கலாம். வேறுபாடு மாறியிருந்தால் விறைப்பான லிம்பில் மட்டும் ஐந்து இழுப்பு, முப்பது முறை பழக்கல், மறுபடியும் அளவு.